அந்த இரண்டு கிலோ

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உயிரோடுதான் இருக்கிறேன். சந்தேகமிருந்தால் கையெழுத்தைப் பார், சாய்வுகூட மாறவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? மலைக்குள் தூசியைக் குடிக்கிறாயே, மூக்குக்குத் துணி கட்டுகிறாயா, இல்லை பெரிய வீரன் மாதிரி அப்படியே போகிறாயா?

போன திங்கட்கிழமை எடைமேடை ஆபீசில் நாலு படி ஏறுவதற்குள் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். இருபத்தாறு வருஷமாய் லாரிகளுக்கு எடை போடுகிறவளை லாரி டிரைவர்கள் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்து இங்கே சேர்த்தார்கள். இதயநோய்க்கான தீவிர சிகிச்சை வார்டு. எட்டுக் கட்டில்கள், எட்டுத் திரைகள், எட்டு டிவிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் அவரவர் நெஞ்சே படமாக ஓடுகிறது. என் படத்தில் சண்டைக் காட்சிகள் அதிகம் என்கிறார்கள்.

பெரிய டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டினார். "இதயத்துக்குள்ள ஒரு கதவு சரியா மூட மாட்டேங்குதும்மா. முன்னால போக வேண்டிய ரத்தம் பின்னால வழியுது. அதான் நுரையீரல்ல, கால்லயெல்லாம் தண்ணி தேங்குது." இப்போது என் எடை அறுபத்தொன்று. அதில் ஒன்பது கிலோ வெறும் தண்ணீராம். ஐம்பத்திரண்டுக்கு இறங்க வேண்டும், இறங்கி மூன்று நாள் அங்கேயே நிற்க வேண்டும். அப்புறம்தான் நெஞ்சைத் திறந்து கதவை மாற்றுவார்கள்.

இதைக் கேள். இங்கே கட்டிலே தராசு! தினமும் காலை ஆறு மணிக்கு சிஸ்டர் வந்து ஒரு பொத்தானை அழுத்துகிறார், கால்மாட்டில் எண் ஒளிர்கிறது. அதில் எங்கேயும் முத்திரை இல்லை. "இதுக்கு யாரும்மா முத்திரை போட்டது?" என்று கேட்டேன். "கட்டிலுக்கு யாராவது முத்திரை போடுவாங்களா?" என்று சிரித்தார். இவரை நான் மில்லி சிஸ்டர் என்று கூப்பிடுகிறேன். இவருக்கு உலகமே மில்லி லிட்டர்தான். ஒரு நாளைக்கு எனக்கு ஆயிரம் மில்லி தண்ணீர், அவ்வளவே. மாத்திரை விழுங்கும் ஒரு மடக்கைக்கூட எழுதிக்கொள்கிறார். உள்ளே போவது ஒரு பத்தி, வெளியே வருவது ஒரு பத்தி. என் தொழிலைத்தான் அவரும் செய்கிறார், அதனால் மரியாதை வைத்திருக்கிறேன்.

செல்போன் இங்கே அனுமதி இல்லை. உன் முகாமில் டவர் இல்லை. ஆகவே நமக்குக் கடிதம்தான். உன்னை வரச் சொல்லவில்லை. வந்தால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


பிப்ரவரி 9

அக்காவுக்கு,

இங்கே நான் நன்றாக இருக்கிறேன், துணியும் கட்டுகிறேன். உன் கடிதத்தை ஜீப் டிரைவர் கொடுத்ததும் சுரங்கப்பாதை வாசலிலேயே உட்கார்ந்து படித்தேன். எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. கால் மரத்துப் போய்விட்டது, வேறொன்றுமில்லை.

ஒன்பது கிலோ தண்ணீரா! அதைத் தூக்கிக்கொண்டு ஒரு மாதம் லாரிகளோடு சண்டை போட்டிருக்கிறாய். நீ மனுஷியா, தண்ணீர் லாரியா?

அக்கா, ஊருக்கெல்லாம் எடை போட்டவள் நீ. உன்னை ஒரு கட்டில் எடை போடுகிறது என்றால் உனக்குத் தூக்கம் வராது, தெரியும். அந்த சிஸ்டரைப் பாடாய்ப் படுத்தாதே. அவர் கையில்தான் ஊசி இருக்கிறது.

இங்கே வேலை முடியப் போகிறது. ஆறு வருஷமாய் இந்தப் பக்கத்திலிருந்து நாங்களும் அந்தப் பக்கத்திலிருந்து அவர்களும் குடைகிறோம். நடுவில் இன்னும் முந்நூறு அடிப் பாறைதான். கடைசித் துளையை நான்தான் போடுவேன் என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். "அணிலு, கடைசி ஓட்டை உன்னோடது" என்றார். என்னை இங்கே அணில் என்றுதான் கூப்பிடுகிறார்கள், கொறித்துக்கொண்டே இருப்பதால்.

லீவு கேட்டிருக்கிறேன். மேனேஜர் பார்க்கலாம் என்கிறார். கிடைத்ததும் ஓடி வந்துவிடுவேன்.

டாக்டர் சொன்னபடி கேள். எதிர்த்துப் பேசுவதாக இருந்தால் என்னிடம் பேசு.

தம்பி


பிப்ரவரி 15

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன், நேற்றைவிட முக்கால் கிலோ அதிக சுகம். இன்று காலை ஐம்பத்தைந்து! கணுக்காலில் எலும்பு தெரிகிறது. ரொம்ப நாள் பார்க்காத சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி அதைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

நேற்று கட்டிலை விட்டு இறங்கிப் பத்து அடி நடந்தேன். ஒரு கையில் மில்லி சிஸ்டர், இன்னொரு கையில் மருந்து பாட்டில் தொங்கும் கம்பி. பக்கத்துக் கட்டிலில் இருக்கும் வாட்ச் ரிப்பேர்காரர் திரையை விலக்கிக் கை தட்டினார். நல்ல மனுஷர். அவருக்கும் கதவுக் கோளாறுதான். தன் டிவிப் பெட்டி அடிக்கும் சத்தத்தைக் கேட்டே "இன்னைக்கு நிமிஷத்துக்கு நாலு தடவை வேகமா ஓடுறேன், சாவியைக் குறைக்கணும்" என்பார். பார்த்தால் சரியாக இருக்கும்! அவருக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். அவருக்கு நடந்தால் அதற்கடுத்து எனக்கு.

கட்டில் விஷயம் என்னை விடவில்லை. நம் மேடைக்கே பத்துக் கிலோவுக்குக் கீழே கண் தெரியாது, பத்துப் பத்தாகத்தான் எண்ணும். ஆனால் அதற்கு முத்திரை இருக்கிறது, வருஷா வருஷம் எடைக்கல் வைத்துச் சோதிக்கிறார்கள். இந்தக் கட்டில் நூறு நூறு கிராமாகச் சொல்கிறது, சோதித்தவர் யாருமில்லை. என் நெஞ்சைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு பண்ணுகிற தராசு, தம்பி! எப்படி நான் கேட்காமல் இருப்பது?

ஆகவே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். லாரிக்காரர்களில் ஹாரன் என்று ஒருவர், உனக்குத் தெரியும், டீசல் இல்லாமல் ஓட்டினாலும் ஓட்டுவார், ஹாரன் இல்லாமல் ஓட்டமாட்டார். பார்வையாளர் நேரத்தில் பத்து நிமிஷம் வந்து போகிறார். நம் ஆபீஸ் அலமாரியில் இருக்கும் இரண்டு கிலோ எடைக்கல்லைத் துண்டில் சுற்றிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். என் கட்டில் ஓரத்தில் ஒரு துணிப்பை தொங்குகிறது. கண்ணாடியும் உன் கடிதமும் அதில்தான் இருக்கின்றன. கல்லை அதில் போட்டால் எண் சரியாக இரண்டு ஏறுகிறதா என்று பார்த்துவிடலாம். சிஸ்டரிடம் சொல்லிவிடாதே. நீ எங்கே சொல்லப் போகிறாய்!

லீவு என்ன ஆனது?

அக்கா


பிப்ரவரி 23

தம்பி,

நலம். அவசரமாக எழுதுகிறேன், சந்தோஷச் செய்தி.

இன்று காலை ஐம்பத்திரண்டு, நூறு கிராம். வந்துவிட்டேன்! டாக்டர் காலை அமுக்கிப் பார்த்தார், முதுகில் குழாய் வைத்துக் கேட்டார், "பிரமாதம்மா" என்றார். இன்னும் மூன்று நாள் இப்படியே நின்றால் திங்கட்கிழமை ஆபரேஷன்.

மத்தியானம் ஹாரன் வந்தார். கல் பைக்குள் போனது. நானே எட்டிப் பொத்தானை அழுத்தினேன். ஐம்பத்து நாலு, நூறு. அணு பிசகவில்லை! கட்டில் தேறிவிட்டது, தம்பி. முத்திரை குத்த ஆள்தான் இல்லை.

கல்லை எடுப்பதற்குள் மணி அடித்து ஹாரனை வெளியே அனுப்பிவிட்டார்கள். என்னைக் குனியக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கு அவர் வந்து எடுத்துக்கொள்வார்.

வாட்ச் ரிப்பேர்காரரை நேற்றுக் காலை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அவர் கட்டிலில் இன்று வேறு யாரோ இருக்கிறார். வேறு வார்டுக்கு மாற்றியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 27

தம்பிக்கு,

நலம்தான். நீயும் நலமாக இருப்பாய்.

ஆபரேஷன் தள்ளிப் போய்விட்டது. இருபத்து நாலாம் தேதி காலையிலேயே எடை ஐம்பத்து நாலுக்கு ஏறிவிட்டது. மறுபடி தண்ணீர் சேருகிறது என்று டாக்டர் மருந்தைக் கூட்டினார். இரண்டு நாளில் எனக்குத் தலை சுற்றி, ரத்த அழுத்தம் இறங்கி, கூட்டினதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்த இரண்டு கிலோ எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஸ்கேன் எடுத்துத் தேடுகிறார்கள். காலில் இல்லை, நுரையீரலில் இல்லை, வயிற்றில் இல்லை. மில்லி சிஸ்டர் தன் இரண்டு பத்திகளையும் நாலு தடவை கூட்டிப் பார்த்துவிட்டார். "உள்ள போனதும் வெளிய வந்ததும் ஒத்துப்போகுது, எடை மட்டும் ஒத்துப்போகலையேம்மா" என்று என் முகத்தையே பார்க்கிறார்.

நான் என்ன செய்ய? கட்டில் சொல்வதுதானே எடை.

நீ கஷ்டப்பட்டு வர வேண்டாம். அவசரமில்லை. கடைசித் துளையைப் போட்டுவிட்டே வா.

அக்கா


மார்ச் 3

அக்கா,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். இருபத்து மூன்றாம் தேதிக் கடிதமும் இருபத்தேழாம் தேதிக் கடிதமும் ஒரே ஜீப்பில் வந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முதல் கடிதத்தில் எத்தனை ஆச்சரியக்குறி! இரண்டாவதில் ஒன்றுகூட இல்லை.

கல் எங்கே?

எனக்குக் காது குத்தாதே. தண்ணீர் முழு எண்ணாகச் சேருமா? ஒரே நாளில் சரியாக இரண்டு கிலோ, அதுவும் ஹாரன் வந்து போன மறுநாள். அடுத்த நாள் அவர் வந்தாரா, கல்லை எடுத்தாரா என்று நீ எழுதவே இல்லை. சரக்கில் பத்துக் கிலோ குறைந்தால் லாரியைத் திருப்பி அனுப்புகிறவள், தன் பையில் தொங்கும் இரண்டு கிலோவை மறந்து போவாளா? முதல் நாள் மறந்திருக்கலாம். ஐந்து நாளா?

நீ மறக்கவில்லை. நீ பயந்துவிட்டாய். அந்தக் கட்டிலில் வேறு ஆளைப் பார்த்தாய், யாரையும் கேட்கவில்லை, கல்லையும் எடுக்கவில்லை. என்னைப் படிக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, ஒரு நாளும் பயம் என்ற சொல்லை வாயால் சொல்லாத அக்கா நீ. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

ஏனென்றால் நானும் ஒரு கல்லை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். லீவு கேட்டேன் என்று எழுதினேன் இல்லையா? கேட்கவே இல்லை. மேனேஜர் தங்கமான மனுஷர், கேட்டால் அன்றைக்கே கொடுப்பார். அப்பாவுக்கு மருந்து வாங்கிவா என்று என்னை அனுப்பினாய், ஞாபகம் இருக்கிறதா? நான் திரும்பி வந்தபோது கட்டிலில் விரிப்பை உருவிக்கொண்டிருந்தார்கள். மருந்து என் கையிலேயே இருந்தது. அதற்குப் பிறகு நான் ஒரு ஆஸ்பத்திரி வாசலும் மிதித்ததில்லை. போன வருஷம் கை கிழிந்தபோதுகூட முகாமிலேயே தையல் போட்டுக்கொண்டேன். மூன்று மைல் மலைக்குள் விளக்கில்லாமல் நடப்பேன், அந்த மருந்து வாசனை என்றால் கால் வராது. இதுதான் உன் வீரத் தம்பி.

சரி, ஒரு ஒப்பந்தம். நீ கல்லை எடு, நான் லீவு எடுக்கிறேன். உன் பதிலுக்குக் காத்திருக்கமாட்டேன். எழுதி முடித்ததும் நேராக மேனேஜரிடம்தான் போகிறேன்.

நலமாக இரு. இது விசாரிப்பு இல்லை, உத்தரவு.

தம்பி


மார்ச் 6

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அக்கா இருக்கும் வார்டின் சிஸ்டர் நான். என்னை அவர் என்ன பெயரில் உங்களுக்கு அறிமுகம் செய்திருக்கிறார் என்று நேற்றுத்தான் தெரிந்தது. பரவாயில்லை.

அவர் சொல்ல, நான் எழுதுகிறேன். ஆனால் அவர் சொன்னபடி எழுதப் போவதில்லை, நடந்ததை எழுதப் போகிறேன்.

நேற்றுக் காலை உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டு, பையில் போடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். கூட ஐந்து இளம் டாக்டர்கள். அவர்கள் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது உங்கள் அக்கா, "டாக்டர், நீங்க தேடுற ரெண்டு கிலோ அங்க இல்ல, இந்தப் பையில இருக்கு. சிஸ்டர், எடுங்க" என்றார். கையை விட்டேன். கல்! காலில் போட்டுக்கொள்ள இருந்தேன்.

"இருபத்தாறு வருஷத்துல நான் போட்ட ஒரே கள்ள எடை இதுதான் டாக்டர். முதல் நாள் மறந்தது நிஜம். மறுநாள் ஹாரன் வந்தப்போ, இருக்கட்டும் விடுங்கன்னு நான்தான் சொன்னேன். பயந்துட்டேன்" என்றார். குரல் நடுங்கவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. அதை நான் வெளியே வரும் பத்தியில் எழுதவில்லை.

டாக்டருக்குக் கோபம் வந்தது. வர வேண்டியதுதான். தேவையில்லாத மருந்து உடம்புக்குள் போயிருக்கிறது, சிறுநீரகத்துக்குக் கெடுதல் வந்திருக்கலாம், நல்லவேளை வரவில்லை. அதையெல்லாம் சொன்னார். அப்புறம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எதைப் பார்த்தும்மா பயம்?" என்று கேட்டார். பக்கத்துக் கட்டிலைக் காட்டினார் உங்கள் அக்கா. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அடுத்த மாடிக்கு ஓடினேன்.

வாட்ச் ரிப்பேர்காரரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தேன், ஐயா! ஆபரேஷன் முடிந்து பதினோரு நாள். நெஞ்சில் கட்டு, மடியில் பாதி உரித்த ஆரஞ்சு. "என்னம்மா, நான் போய்ச் சேர்ந்துட்டேன்னு நெனச்சீங்களா? புது ஸ்பிரிங் போட்டிருக்காங்க, இன்னும் இருபது வருஷம் கேரண்டி" என்றார். உங்கள் அக்கா அவரைத் திட்டிய திட்டை இந்தத் தாளில் எழுத முடியாது. திட்டிக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். டிவிப் பெட்டி கத்தியது, நாங்கள் அதன் சத்தத்தை மட்டும் அணைத்துவிட்டு நின்றோம்.

எங்கள் மீதும் தப்பு இருக்கிறது. எடை போடும்போது கட்டிலில் தொங்கும் எல்லாவற்றையும் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பை முதல் நாளிலிருந்தே அங்கே தொங்கியதால் யாரும் அதைத் தொடவில்லை. இன்றிலிருந்து எட்டுக் கட்டிலிலும் பை தூக்கப்படுகிறது. உங்கள் அக்காவே உரக்க ஞாபகப்படுத்துகிறார்.

கல் இல்லாமல் இன்றைய எடை ஐம்பத்தொன்று, எண்ணூறு. ஆபரேஷன் பதினோராம் தேதி காலை.

தங்கள் நலம் விரும்பும்,
மில்லி சிஸ்டர்

(பின்பக்கத்தில் வேறு கையெழுத்தில்: கல் எடுத்தாச்சு. இனி உன் பாடு. அக்கா.)


மார்ச் 11, காலை

அக்கா,

நான் நலம். நீ நலமாகப் போய் நலமாக வருவாய். இதைப் படித்ததும் சிஸ்டரிடம் கொடுத்துவிடு, உள்ளே தாள் கொண்டுபோகக்கூடாதாம்.

நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். நிஜமாகத்தான். வெளி கேட்டில் இருபது நிமிஷம் நின்றேன். காவலாளி, "சார், உள்ள போறீங்களா, இல்ல கேட்டைக் காவல் காக்க வந்தீங்களா?" என்று கேட்டார். அந்த ரோஷத்தில்தான் உள்ளே வந்தேன். கேட்டிலிருந்து இந்த நாற்காலி வரைக்கும் இருநூற்றுப் பதினாறு அடி. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தேன், ஆனால் வந்துவிட்டேன்.

உன்னை இப்போது பார்க்க விடமாட்டேன் என்கிறார்கள். முடிந்து வெளியே வரும்போது நீ முதலில் பார்க்கப் போவது என் மூஞ்சியைத்தான். பயந்துவிடாதே.

இன்றைக்கு நான் எதையும் வாங்கப் போகமாட்டேன். யார் அனுப்பினாலும் போகமாட்டேன். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கமாட்டேன். இந்தக் கதவு திறக்கும்போது இந்த நாற்காலியில் நான் இருப்பேன்.

தம்பி


மார்ச் 12

(கட்டில் அட்டையில் செருகிய தாளில், கோணல்மாணலாக, ஒரே ஒரு சொல்)

எடை?

(கீழே, மில்லி சிஸ்டரின் கையெழுத்தில்)

ஐயா, வார்டுக்குள் உங்களுக்குப் பத்து நிமிஷம்தான் அனுமதி என்பதால் இதை வெளியே அனுப்புகிறேன். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வாயில் மூச்சுக்குழாய் இருக்கும்போதே கண்ணைத் திறந்து, விரலை ஆட்டிப் பேனா கேட்டு, உங்கள் அக்கா எழுதிய முதல் சொல் இது. புதுக் கதவு நன்றாக மூடுகிறது. குழாயை மத்தியானம் எடுக்கிறோம். ஐம்பத்து மூன்று என்று சொன்னேன். பையைத் தூக்கினேனா என்று கையால் சைகை காட்டினார்.

நேற்று ஒன்பது மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்து, கதவு திறந்ததும் எழுந்து, அப்படியே சாய்ந்தீர்களே. உங்களையும் ஒரு கட்டிலில் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். அறுபத்தெட்டு. அக்காவிடம் சொல்லிவிட்டேன். இனிமேல் சாப்பிட்டுவிட்டுக் காத்திருங்கள்.


மே 2

அக்காவுக்கு,

பத்திரமாக முகாமுக்கு வந்து சேர்ந்தேன். நீ காலையும் மாலையும் நடக்கிறாயா? எத்தனை அடி என்று எழுது. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தப்பாமல் போடு.

அங்கே இருந்த ஏழு வாரமும் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நீ கேட்டபோதெல்லாம், வேலை நின்றிருக்கிறது என்று பூசி மெழுகினேன். நிற்கவில்லை. மார்ச் பன்னிரண்டாம் தேதி, நீ "எடை?" என்று எழுதிய அதே நாள், கடைசித் துளையைப் போட்டுவிட்டார்கள். கிளம்பும்போதே தெரியும். மேனேஜர், "நாலு நாள் பொறுடா அணிலு, ஆறு வருஷம் காத்திருந்தியே" என்றார். அக்கா என்னை எதற்கும் காத்திருக்க வைத்ததில்லை சார் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டேன்.

வருத்தம் இருக்குமென்று நினைத்தேன். நேற்று உள்ளே போய் நின்றேன். இந்த வாசலிலிருந்து பார்த்தால் அந்த வாசலின் வெளிச்சம் நேராகத் தெரிகிறது. காற்று சும்மா ஜிலுஜிலுவென்று வருகிறது. பாறை உடைந்தபோது என் கூட்டாளி, "அணிலோட அக்காவுக்கு!" என்று கத்தினானாம். இரண்டு பக்கத்துக்காரர்களும் சேர்ந்து கத்தினார்களாம். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு நீ யார் என்றே தெரியாது. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அக்கா.

தம்பி


ஜூன் 14

அன்புத் தம்பிக்கு,

அமோகமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

இன்று வேலைக்குத் திரும்பினேன். நாலு படி. நிற்காமல் ஏறினேன். மேலே போய் நின்று, மறுபடி இறங்கி, மறுபடி ஏறினேன், யாராவது பார்க்கட்டும் என்று. பார்த்தார்கள். வரிசையில் பதினேழு லாரிகள். ஹாரன்தான் ஆரம்பித்தார். பதினேழும் சேர்ந்து அடித்த சத்தத்தில் கிடங்கு மேலாளர் என்னவோ ஏதோ என்று வெளியே ஓடி வந்துவிட்டார். புதுக் கதவு அதற்கெல்லாம் அசையவில்லை. முதல் லாரியே முப்பது கிலோ குறைவு. திருப்பி அனுப்பினேன். யார் லாரி தெரியுமா? ஹாரனுடையது! "அக்கா, உங்களைத் தூக்கிட்டு ஓடின ஆளு நானு" என்றார். "அதுக்கு நன்றி, இதுக்குத் திரும்பிப் போங்க" என்றேன்.

கல் பழைய அலமாரியில் பழைய இடத்தில் இருக்கிறது. மில்லி சிஸ்டர் போன வாரம் என்னைப் பார்க்க வந்தபோது அதைக் கையில் எடுத்து, ஒரு முறை முறைத்துவிட்டு வைத்தார்.

கடைசித் துளையைப் பற்றி என்னிடம் மறைத்தாயே, அதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன்னைத் திட்டினேன். மறுநாள் முழுக்கப் பெருமையடித்தேன். வாட்ச் ரிப்பேர்காரர் காது வலிக்கிறது என்று சொல்லிவிட்டார்.

இதோடு ஒரு எடைச்சீட்டு வைத்திருக்கிறேன். நீ முகாமுக்குக் கிளம்பிய அன்று, பஸ்ஸுக்குப் போகும் வழியில், என்னை மேடையில் ஏற்றி விளையாடினாயே. விதிப்படி லாரி ஏறுகிற இடத்தில் ஆள் ஏறக்கூடாது. அன்றைக்கு விதியைக் கொஞ்சம் தள்ளி வைத்தோம். ரிப்பன் தீர்ந்து போயிருந்ததால் சீட்டு வரவில்லை, உனக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எண்கள் மட்டும் பதிவில் இருந்தன. இன்று ஆபீசுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை அச்சடித்தேன். பார்:

மொத்த எடை, நாம் இருவரும்: 120
வெறும் எடை, நீ இறங்கிய பின் நான் மட்டும்: 50
நிகர எடை, நீ: 70

அன்றைக்கு நான் ஐம்பத்தொன்று, டாக்டர் போட்ட எடை. நீ அறுபத்தெட்டு, சிஸ்டர் போட்ட எடை. நம் மேடை பத்துப் பத்தாக எண்ணுகிறது, அதனால் அப்படிக் காட்டுகிறது என்று எனக்கும் தெரியும். இருபத்தாறு வருஷம் பார்த்தவளுக்குத் தெரியாதா? இருந்தாலும் சொல்கிறேன் தம்பி, அக்கா பக்கத்தில் நின்றபோது நீ இரண்டு கிலோ கூடுதலாக இருந்திருக்கிறாய். முத்திரை குத்திய தராசு சொல்கிறது.

இந்த முறை கல் எதுவும் வைக்கவில்லை. சத்தியம்.

உன் அக்கா